செங்கல் நிற மாத்திரை

அத்தா வியாழக்கிழமை சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை போவதுதான் கடைசி, அதற்குப் பிறகு டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று.

எனக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா என் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். அத்தா குளியலறையில் இருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கோவத்துல சொன்னாரா?"

"கோவமா இருந்தா பரவால்லயே. நல்லாத்தான் சொன்னாரு. நாளையிலேர்ந்து பால் வேணாம்னு பால்காரன்கிட்ட சொல்லுவோமே, அப்டி சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நா என்னாத்த சொல்றது? நீ பேசு. நீதான் படிச்சவ."

நான் படித்தது பி.எஸ்ஸி. உயிர்வேதியியல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிஸ்கட்டைப் பொடித்து, எடை போட்டு, சூட்டுப் பெட்டியில் காயவைத்து, மறுபடி எடை போட்டு, எவ்வளவு ஈரம் போயிருக்கிறது என்று எழுதுவது என் வேலை. நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இதைச் செய்துவிடலாம். படித்தவள் என்பதற்காக அத்தாவிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பத்து நாள். சிலருக்கு இன்னும் கொஞ்சம்.

இரண்டரை வருடமாகப் போய்க்கொண்டிருந்தோம். செவ்வாய், வியாழன், சனி. ஆவடியில் இருக்கிறது மையம். பதினோரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு முடியும். செவ்வாயும் வியாழனும் அம்மா கூடப் போவாள், சனிக்கிழமை நான். மற்ற நாட்களில் அத்தா கடையைத் திறப்பார். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துப் போடும் கடை. மதியம்வரை உட்காருவார், பிறகு வந்து படுத்துவிடுவார்.

டயாலிசிஸுக்கென்றே அவர் தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டார். சாம்பல் நிறம், முழுக்கை. இடது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிரித்து, ஒன்பது பிரஸ் பட்டன் வைத்திருந்தார். ஊசி ஏற்றுவது அந்தக் கையில்தான். பட்டனை வரிசையாக எடுத்துவிட்டால் கை மட்டும் வெளியே வரும், குளிர்ச் சாதனத்தில் உடம்பு நடுங்காது. அதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கை தேவராஜ் அண்ணன் தனக்கும் ஒன்று கேட்டார். அவருக்கு நீல நிறத்தில் தைத்துக் கொடுத்தார்.

அப்போதெல்லாம் அத்தா மளமளவென்று அந்தப் பட்டன்களைப் போடுவார். இந்த வருடம் ஏப்ரலிலிருந்து முடியவில்லை. விரல் நுனி மரத்துப்போய்விட்டது என்றார். பட்டன் உட்கார்ந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். தையல் ஊசி இரண்டு முறை விரலில் ஏறி, இரத்தம் சீட் கவரில் பட்ட பிறகுதான் தெரிந்தது. வாயின் இரண்டு ஓரமும் வெடித்தது. நாக்கு தோல் உரிந்ததுபோல் சிவந்தது. ரசம் காரம் என்றார், பிறகு மோர் புளிப்பு என்றார், பிறகு எதுவும் சொல்லாமல் தட்டை நகர்த்தினார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு வந்தது. மையத்தில் இரத்தம் ஊறப் போடும் ஊசியைக் கூட்டினார்கள். ஏறவில்லை.

"ஒடம்பு சொல்லிடுச்சும்மா," என்றார் அத்தா ஒருநாள். "நம்மதான் கேக்க மாட்டேங்கறோம்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் கரையான்சாவடியில் ஷேர் ஆட்டோ ஏறினோம். அத்தா ஓரத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். சென்னீர்குப்பம், காடுவெட்டி, பருத்திப்பட்டு. பேச வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். ஆட்டோவில் மற்றவர்கள் இருந்தார்கள். ஓர் ஆள் இறங்கினால் இன்னோர் ஆள் ஏறினார். ஏரிக்கரை வந்ததும் அத்தா, "இந்தப் பள்ளத்த இன்னும் மூடல பாரு," என்றார். நான் "ஆமா," என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

மையத்தில் தேவராஜ் அண்ணன் ஏற்கெனவே படுத்திருந்தார். அவர் அண்ணனூரிலிருந்து ரயிலில் வருவார். எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர், ஐந்து வருடமாக டயாலிசிஸில் இருப்பவர்.

"இன்னா பாய், மூஞ்சி இப்டி கீது? ஊட்ல அண்ணி அடிச்சாங்களா?"

"இன்னியோட சரி நைனா. இனிமே வர்ல."

"ஏன், வேற சென்டராண்ட போறியா?"

"எங்கயும் இல்ல."

தேவராஜ் அண்ணன் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சத்தமாக, "அப்ப ஜன்னலாண்ட பெட்டு எனுக்கு. சிஸ்டர், இப்பவே எயுதி வெச்சிக்கோங்க. அப்பறம் எவனாச்சும் வந்து துண்டு போட்டுடுவான்," என்றார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க, பி.பி. பாக்கணும்," என்றார் யுவராணி சிஸ்டர்.

அத்தா சிரித்தார். சிரித்ததில் உதட்டோரம் பிரிந்து ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அதை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்தார்.

நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்கு மணி நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒருவர் காதில் ஒயர் மாட்டிப் படம் பார்ப்பார், ஒருவர் தூங்குவார். அன்று என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். எங்களுக்காக இருங்கள். அது அவருக்குத் தெரியாததா? அம்மாவைப் பாருங்கள். அதுவும் தெரியும். எல்லாமே அவர் ஏற்கெனவே யோசித்து முடித்த விஷயங்களாக இருந்தன.

மூன்று மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டார். ஊசியை எடுத்த இடத்தில் பத்து நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். அத்தாவுக்கு விரலில் பலம் போதாததால் நான் பிடிப்பேன். பஞ்சுக்குக் கீழே இரத்தம் அதிர்வது கட்டை விரலில் தெரியும், மூடிய கைக்குள் வண்டு சுற்றுவதுபோல. அத்தா கண்ணை மூடிக்கிடந்தார்.

பக்கத்தில் தேவராஜ் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நீலச் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மாத்திரை. செங்கல் நிறம். வாயில் போட்டு, சின்ன பாட்டிலிலிருந்து ஒரே ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

அது எனக்குத் தெரிந்த மாத்திரை. வாராவாரம் நான் எடுத்து வைக்கிற மாத்திரை.

"அண்ணே, அத நீங்க காலைல போட மாட்டீங்களா?"

அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா பாப்பா?" என்றார். நான் மறுபடி கேட்டேன்.

"இந்த சத்து மாத்திரயா? காலிலயா?" அவர் தன் இயந்திரத்தைக் கட்டைவிரலால் காட்டினார். "காலில போட்டா இந்த மிஷினுதான் தெம்பாவும், நானா ஆவேன்? இது உப்ப மட்டுமா எடுக்குது? நல்லது கெட்டது எல்லாத்தையும் அலசிகினு போயிடும். அதுக்கு இன்னா தெரியும், மிஷினு. முடிஞ்சப்பறம்தான் போடணும். மொத நாளே சிஸ்டரு சொன்னாங்களே."

நான் பஞ்சை அழுத்திக்கொண்டே நின்றேன். "போதும்மா, விடு," என்று அத்தா சொன்ன பிறகுதான் பத்து நிமிடம் தாண்டிவிட்டது தெரிந்தது.

நீரில் கரைபவை பி தொகுதியும் சி-யும். கொழுப்பில் கரைபவை ஏ, டி, ஈ, கே. இரண்டாம் ஆண்டில் ஐந்து மதிப்பெண் கேள்வி. சவ்வின் துளை வழியாகச் சிறிய மூலக்கூறுகள் வெளியேறும் என்பது படத்துடன் பத்து மதிப்பெண். இரண்டையும் எழுதியிருக்கிறேன். படத்துக்குப் பென்சிலில் நிழல்கூடப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தா சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். "இத அடுப்படிக்குத் துணியா வெச்சுக்க ஜரினா. நல்ல துணி, தண்ணி உறிஞ்சும்," என்றார். அம்மா வாங்கிக்கொண்டாள். அத்தா போய்ப் படுத்தார்.

மாத்திரை டப்பா என் பொறுப்பு. உண்மையில் அது கடையில் பட்டன் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா. மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு அறை. காலை, மதியம், மாலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் நிரப்புவேன். செங்கல் நிற மாத்திரை செவ்வாய், வியாழன், சனி அறைகளில், காலை வரிசையில் இருந்தது.

பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். டாக்டர் எழுதியிருந்தது தெளிவாகவே இருந்தது. வாரம் மூன்று நாள், டயாலிசிஸ் முடிந்த பிறகு. அதன் கீழே கோடுகூடப் போட்டிருந்தார்.

மாற்றியது நான்தான். எப்போது என்பதும் ஞாபகம் வந்தது. இந்த வருட ரமலானில்.

முன்பெல்லாம் அத்தா வீடு திரும்பித் தூங்கி எழுந்து ஐந்து மணிக்கு அந்த மாத்திரையைப் போடுவார். ரமலானில் அவருக்கு நோன்பு இல்லை. டாக்டர் கூடாது என்றுவிட்டார். ஆனால் நோன்பு வைத்திருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் முன்னால் தண்ணீர் குடிக்க அவருக்குக் கூச்சம். ஐந்து மணிக்கு அம்மா கஞ்சி கிண்டிக்கொண்டிருப்பாள். அத்தா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். ஒருநாள் வராந்தாவுக்குப் போய் நின்று விழுங்கினார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டன. அடுத்த நாள் மாத்திரை அறையிலேயே கிடந்தது. பிறகு போடறேன் என்றார், மறந்தார்.

விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு மட்டும் அவர் தவறாமல் எழுந்து எங்களோடு உட்காருவார். எல்லோரும் எழுந்திருக்கும்போது நான் மட்டும் படுத்திருக்க முடியுமா என்பார். அந்த நேரத்தில் எல்லோரும் சாப்பிடுவோம், எல்லோரும் குடிப்போம். அதனால் நான் செங்கல் மாத்திரையையும் சஹர் மாத்திரைகளோடு சேர்த்துவிட்டேன். எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கிவிடலாம். ஒரு நாளைக்கு அவருக்கு முக்கால் லிட்டர்தான் அளவு. ஒரு வாய் மிச்சம். அத்தாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

பெருநாள் முடிந்து சஹர் மாத்திரைகள் காலை மாத்திரைகளாயின. செங்கல் மாத்திரையும் கூடவே காலையிலேயே தங்கிவிட்டது. நான் திருப்பி வைக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். காரணமே இல்லை. அலுப்பு.

மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்வரை எண்ணினேன். ஏறக்குறைய எழுபது மாத்திரை.

ஞாயிற்றுக்கிழமை நான் டப்பாவை நிரப்பவில்லை. அம்மா, "பேசினியா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல," என்றேன். "எப்ப பேசுவ, செவ்வாக்கிழம தாண்டினப்பறமா?" என்றாள். அத்தா மசூதிக்குப் போய்விட்டு வந்து, தெருமுனை சலீம் கடையில் பார்த்த ஆளைப் பற்றி ஏதோ சொன்னார். சாதாரணமாக இருந்தார். முதுகில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தவர்போல் இருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனியில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆவடிக்குப் போனேன். அன்றுதான் டாக்டர் வருவார். அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் கடைசியில் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் முன்னால் போனார்கள். மூன்றாவது ஆளும் போகப் பார்த்தபோது யுவராணி சிஸ்டர், "ஏம்மா, பாய் பொண்ணுதானே நீ? வா முன்னாடி," என்று கையைப் பிடித்து இழுத்தார்.

சொன்னேன். நின்றுகொண்டே, சீட்டையும் காட்டிச் சொன்னேன். டாக்டர் சீட்டைப் பார்த்தார், அத்தாவின் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார்.

"வாய்ப்புண் எப்பலேர்ந்து?"

"ஏப்ரல்."

"ம்." இரண்டு இரத்தப் பரிசோதனை எழுதினார். "ஃபோலிக் ஆசிட், பி பன்னிரண்டு பாத்துடலாம். இது ஒரு காரணமா இருக்கலாம். இதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு என்னால சொல்ல முடியாது. புரியுதா? இனிமே முடிஞ்ச பிறகு குடுங்க."

"எவ்ளோ நாள்ல தெரியும் சார்?"

"மூணு மாசம் பாருங்க."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் இன்னும் எட்டு பேருடைய தாள்கள் இருந்தன.

வெளியே வரும்போது யுவராணி சிஸ்டர் கூடவே வந்தார். "நீ வந்து சொன்ன. சொல்லாம எத்தன ஊட்ல நடக்குதோ. நாங்களும்தான் மாசாமாசம் கேட்டிருக்கணும்," என்றார். பிறகு, "பாய் சனிக்கிழம என்னாண்ட ஸலாம் சொல்லிட்டுப் போனாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாளிக்கு பதினோரு மணி பெட்ட நான் யாருக்கும் குடுக்கல. கூட்டினு வா," என்றார்.

அன்று சாயங்காலம் அத்தா மக்ரிப் தொழுதுவிட்டு, பாயில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். நான் காலி டப்பாவையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் செங்கல் மாத்திரை ஒன்றை அட்டையிலிருந்து பிரித்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இத தப்பான நேரத்துல குடுத்துட்டேன் அத்தா. மிஷினுக்கு முன்னாடி குடுத்துட்டேன். நோன்பு அப்ப மாத்துனது. திருப்பி மாத்தல. அஞ்சு மாசமா இதுல முக்காவாசி வெளிய போயிருக்கு."

"தெரியும்," என்றார். "தேவராஜ் சொன்னப்ப முழிச்சிகினுதான் இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எழுபதாவது இருக்கும்ல?" என்றார்.

"ஆமா."

"எழுபது மாத்திர." அவருக்குச் சிரிப்பு வந்தது. உதடு வெடிக்காமலிருக்க கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதான் அந்த மிஷினு இப்பல்லாம் ரிப்பேரே ஆவறது இல்ல."

"அத்தா."

"சரி, விடு. உங்கம்மாகிட்ட சொல்லாத. உசுர எடுத்துடுவா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"விரல் மரத்தது, நாக்கு, சோர்வு, எல்லாத்துக்கும் இதான் காரணம்னு சொல்லல," என்றேன். "டாக்டரும் அப்டி சொல்லல. கொஞ்சம் இதனால இருக்கலாம். எவ்ளோன்னு தெரியாது."

"தெரியாதுல்ல. அப்பறம் என்ன?"

எழுதி எழுதிப் பார்த்த எதுவும் ஞாபகத்தில் இல்லை. எனக்குத் தெரிந்தது என் வேலை மட்டும்தான்.

"கம்பெனில ஈரம் பாக்கறப்ப," என்றேன், "சில நேரம் கிண்ணத்த மூட மறந்துடுவோம். காத்துல இருக்கற ஈரம் உள்ள போயிடும். அப்பவும் தராசு ஒரு நம்பர் காட்டும். ஆனா அத எழுத மாட்டோம். அத வெச்சு சரக்கு கெட்டுப்போச்சுன்னு தள்ள மாட்டோம். கோடு போட்டு அடிச்சுட்டு, மறு சோதனைன்னு எழுதிட்டு, மொதல்லேர்ந்து பண்ணுவோம். நீங்க இந்த அஞ்சு மாசத்த வெச்சு ஒடம்பு சொல்லிடுச்சுன்றீங்க. அது ஒடம்பு சொன்னது இல்ல அத்தா. கிண்ணம் தெறந்து கெடந்துச்சு. தெறந்து வெச்சது நானு."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளு, உன் மறு சோதன?"

"மூணு மாசம்."

"அதுக்கப்பறமும் இப்டியே இருந்தா?"

"அப்ப நீங்க சொல்றத கேக்கறேன்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. திருப்பி எடுக்க முடியவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு பெரிய மஞ்சள் பாட்டில். துபாயிலிருந்து அவள் தம்பி சர்ஃபராஸ் கொண்டுவந்தது, பீரோ மேலே ஒரு வருடமாக இருந்தது.

"இதுலயும் வைட்டமின்தான எழுதிருக்கு? இத தெனம் ரெண்டு ரெண்டா குடுத்தா போனதெல்லாம் சீக்கிரம் ஏறிடாதா?"

வாங்கிப் பார்த்தேன். மீன் எண்ணெய், ஏ, டி, பாஸ்பரஸ், இன்னும் என்னென்னவோ. "கூடாதும்மா. இதுல ஏ இருக்கு. அத மிஷின் எடுக்காது, கிட்னியாலயும் முடியாது. ஒடம்புலயே தங்கித் தங்கி வெஷமாயிடும்."

"இது என்னாடி, அதுவும் வைட்டமின், இதுவும் வைட்டமின்றே."

"ஒண்ணு நிக்க மாட்டேங்குது, ஒண்ணு போவ மாட்டேங்குது," என்றார் அத்தா. "வெய்யி, உன் தம்பி வந்தா அவனையே துன்ன சொல்லு." பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நாளைக்கு வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். அத்தாவிடம் சொல்லவில்லை. எட்டு மணிக்கு அவருக்குக் காலை மாத்திரைகளைக் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். ஒன்று குறைந்தது. என்னைப் பார்த்துவிட்டு விழுங்கினார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அதை அவர் தொடவில்லை. தினத்தாளைப் பிரித்து உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பதரை ஆயிற்று. வழக்கமாகக் கிளம்புகிற நேரம். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள், உள்ளே போனாள், மறுபடி வந்து நின்றாள். அத்தா பக்கத்தைத் திருப்பினார். பத்து மணி ஆனது. டீயில் ஏடு படிந்துவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஜரினா," என்றார் அத்தா, தாளை மடிக்காமலேயே. "அந்தச் சட்டைய கிழிச்சிட்டியா?"

அம்மா உள்ளே போனாள். சாம்பல் நிறச் சட்டையைக் கொண்டுவந்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

"அடுப்படிக்கு வெச்சுக்க சொன்னேன்ல?"

"உங்க சட்ட எவ்ளோ தண்ணி உறிஞ்சிடப் போவுது," என்றாள் அம்மா.

அவர் எழுந்து போட்டுக்கொண்டார். தோளிலிருந்து பட்டனைப் போடத் தொடங்கினார். முதல் பட்டன் உட்காரவில்லை. அதை விட்டு இரண்டாவதைப் பிடித்தார். அதுவும் நழுவியது. விரல் அப்படியேதான் இருந்தது. நான் போய் மேலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். எட்டு போட்டேன். மணிக்கட்டில் இருந்த ஒன்பதாவதை அவர் கையை இழுத்துக்கொண்டு, சுவரில் வைத்து அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது.

"டீ வாணாம், எடுத்துக்க," என்றார் அம்மாவிடம். "அந்தத் தண்ணிய சாயந்தரம் மாத்திரைக்கு எழுதிக்க."

நாங்கள் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். ஜன்னலோரப் படுக்கையில் தேவராஜ் அண்ணனின் துண்டு கிடந்தது. அவர் தன் படுக்கையில் இருந்தார்.

"சிஸ்டர்!" என்று கத்தினார். "நான் சொன்னேனா இல்லியா, இந்தாளு அந்த ஜன்னல உடமாட்டாருன்னு? துண்ட எடு பாய். எனுக்கு கெடிக்கல."

"மூணு மாசம் பொறுத்துக்க நைனா," என்றார் அத்தா. "அப்பறம் பாப்போம்."

தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் துண்டை எடுத்து மடித்து அவரிடம் கொடுத்தேன். யுவராணி சிஸ்டர் அத்தாவின் கையில் ஊசி ஏற்றினார். அத்தா கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்றரை மணிக்குப் பஞ்சை அழுத்திப் பிடித்தேன். பத்து நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்தேன். பிறகு என் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து, மாத்திரையை அவர் கையில் வைத்தேன். அத்தா இயந்திரத்தைப் பார்த்தார்.

"நின்னுடுச்சில்ல?"

"நின்னுடுச்சு."

இருந்தாலும் சிஸ்டர் ஒயரைப் பிடுங்கும்வரை காத்திருந்தார். பிறகு வாயில் போட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். நாக்கில் பட்டது எரிந்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. பாட்டிலை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.